கல் இருந்த இடத்தில் எலுமிச்சம்பழம்

ஓட்டல்காரரே, அந்தக் கல்லை எடுக்கச் சொன்னது நீங்கள்தான். என் வீட்டுக்காரர் இல்லை. சரிவில் நின்ற மிலிட்டரி லாரியின் சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்திருந்த கல்லை எடுத்துவிட்டு, அதே இடத்தில் எலுமிச்சம்பழத்தை வைக்கச் சொன்னீர்கள். லாரிக்குள் குழந்தைகள் இருந்தார்கள். கீழே நாங்கள் இருந்தோம். ஊருக்கெல்லாம் வேறு கதை சொல்லியிருக்கிறீர்கள். நடந்ததை நான் சொல்கிறேன்.

அந்த வண்டியை எனக்கு உங்களுக்கு முன்னாலேயே தெரியும். உசிலம்பட்டியில் ஒரு மரக்கடைக்காரர் அதை ராணுவ ஏலத்தில் எடுத்துவந்தார். டிஸ்போசல் வண்டி என்பார்கள் எங்கள் பக்கம். ராணுவத்துக்கு வேண்டாம் என்று ஆனபிறகுதான் எங்களுக்கு வரும். எல்லாச் சக்கரமும் இழுக்கும் வண்டி. மழை பெய்த கரிசல் காட்டிலும், ஓடைக்குள்ளும், மற்ற லாரி புதைந்து நிற்கிற இடத்திலெல்லாம் இது உறுமிக்கொண்டு ஏறிவிடும். வெட்டிய மரத்தை ஏற்றிவர இதைவிட்டால் ஆள் கிடையாது. என் வீட்டுக்காரர் அதற்கு டிரைவர். எங்கள் இரண்டு வீட்டிலும் அதற்கு முன்னால் யாருக்கும் சொந்தமாக ஒரு குழி நிலம்கூடக் கிடையாது. அடுத்தவன் காட்டில் களை எடுத்த குடும்பம். அந்த ஸ்டியரிங்கைப் பிடித்த பிறகுதான் அவரை நாலு பேர் அண்ணே என்று கூப்பிட்டார்கள். அந்த வண்டி மேல் அவருக்கு இருக்கிற பாசம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அதனால் அதைக் குறை சொல்ல மாட்டேன்.

எனக்குப் பாசம் இல்லை. பயம்தான்.

கிளீனர் ஒருவர்கூட நிலைக்கவில்லை. வருகிறவரெல்லாம் ஓடிப்போனார்கள். ஒருநாள் அவர் என்னிடம், "நீ வாரியா? வண்டில ஏறி இறங்குறதுக்கு என்னா பெரிய படிப்பா?" என்றார். போனேன். ஊரே சிரித்தது. லாரிக்குப் பொம்பளைக் கிளீனரா என்று டீக்கடையில் எட்டிப்பார்த்தார்கள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கதவைத் திறந்து குதிக்கும்போது, "மாப்ள, அக்கா எறங்குது, ரோட்டப் பாத்துக்கங்கடா" என்பார்கள். நானும் திருப்பிக் கொடுப்பேன்.

அந்த வண்டிக்குக் கிளீனர் வேலை என்றால் முதல் வேலை கட்டை போடுவது. ஹேண்ட் பிரேக் என்று ஒரு லிவர் இருக்கும். அதை இழுத்தால் சத்தம் வரும். அவ்வளவுதான். அதற்குக் கீழே பிடிப்பதற்கு ஒன்றும் கிடையாது. எந்தக் காலத்திலோ அறுந்துபோனதை யாரும் திரும்ப மாட்டவில்லை. கால் பிரேக்கும் இஞ்சின் ஓடினால்தான் பிடிக்கும். இஞ்சின் ஓடுகிறவரை அந்த வண்டி டிரைவர் பேச்சைக் கேட்கும். இஞ்சின் நின்றுவிட்டால் பள்ளத்தின் பேச்சைத்தான் கேட்கும். அதனால் வண்டி நிற்பதற்கு முன்பே அவர் "கட்டை!" என்று கத்துவார். நான் குதித்து, கருவேலங்கட்டையைச் சக்கரத்தடியில் தள்ளிவிட்டு, கையை இழுத்துக்கொள்ள வேண்டும். அதன் பிறகுதான் அவர் இஞ்சினை நிறுத்துவார். இதில் முன்னே பின்னே ஆகக் கூடாது.

உசிலம்பட்டி தாண்டி ஒரு ஓடைச் சரிவு. மரம் முழுசாக ஏற்றியிருந்தோம். நான் கட்டையைப் போட்டேன். சக்கரம் அதன் மேல் ஏறப் பார்த்தது. கட்டை முனகியது. மரம் முனகும் என்று அன்றைக்குத்தான் தெரியும். என் முகத்துக்கு நேராக அந்தச் சக்கரம், என் இடுப்பு உயரத்துக்கு. ரப்பரில் ஒட்டியிருந்த ஒவ்வொரு சின்னக் கல்லும் கண்ணுக்குத் தெரிந்தது. கட்டை தாங்கியது. வண்டி நின்றது. அவர் இறங்கிவந்து, "என்னா பிள்ள, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?" என்றார். ஓரமாகப் போய் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன்.

அந்தப் பயம் என்னைவிட்டுப் போகவில்லை. இன்றைக்கும் எங்காவது ஒரு லாரி இஞ்சின் நின்றால் என் கை தானாகக் கீழே தேடும். பஸ்ஸில் உட்கார்ந்திருந்தாலும் தேடும்.

அப்புறம் மரம் வெட்டுவது குறைந்தது. மரக்கடைக்காரர் பின்பக்கத்தை அறுத்துவிட்டுத் தண்ணீர்த் தொட்டியை ஏற்றி, நீலப் பெயிண்ட் அடித்து, மதுரைக்கு அனுப்பினார். நாங்களும் வந்தோம். ஆனையூர்ப் பக்கம், கண்மாய்க் கரைக்குக் கீழே இருக்கிற இந்தத் தெருவில் வீடு பிடித்தோம். தண்ணீர்ப் பஞ்சத்தில் அந்த வண்டி தெருவுக்குள் வந்தால் குடத்தோடு ஓடிவருவார்கள். "அண்ணே, எங்க வீட்டு முன்னாடி நிறுத்துங்கண்ணே" என்று பெண்கள் கதவைப் பிடித்துத் தொங்குவார்கள். அப்போதும் கட்டை போட்டது நான்தான். இன்றைக்கு என் வீட்டுக்காரரைப் பார்த்து உச்சுக் கொட்டுகிறவர்களில் பாதிப் பேர் அந்தத் தண்ணீரைக் குடித்தவர்கள்.

பிறகு வண்டிக்கு வயதாகிவிட்டது, இனி ரோட்டில் ஓட்டக் கூடாது என்று ஆனது. வண்டியூர்ப் பக்கம் ஒரு பழைய இரும்புக் கிடங்கில் கொண்டுபோய்ப் போட்டார்கள். அவர் ஆட்டோ ஓட்டினார். நான் தெருமுனையில், சரிவு முடிகிற இடத்தில், இஸ்திரி வண்டி போட்டேன். அவர் அவ்வப்போது கிடங்குக்குப் போய் அதைப் பார்த்துவிட்டு வருவார், ஆஸ்பத்திரியில் கிடக்கிற அண்ணனைப் பார்க்கப் போவதுபோல. நான் ஒருதடவையும் போகவில்லை. செத்தது செத்ததுதான் என்று நிம்மதியாக இருந்தேன்.

நீங்கள் அதை எழுப்பிக்கொண்டு வந்தீர்கள்.

உங்களுக்குப் பழைய மிலிட்டரி வண்டி என்றால் பைத்தியம் என்று எல்லாருக்கும் தெரியும். ஜீப் வைத்திருக்கிறீர்கள், புல்லட் வைத்திருக்கிறீர்கள். உங்களைப் போலவே நாலு பேர் ஞாயிற்றுக்கிழமையில் வரிசையாக ஓட்டிக்கொண்டு போய் போட்டோ எடுத்துக்கொள்கிறீர்கள். அது உங்கள் ஆசை. கண்மாய்க் கரை மேல் ஓட்டல் கட்டினீர்கள். வாசலில் நிறுத்த ஒரு லாரி வேண்டும் என்று தேடி, கிடங்கில் கிடந்த எங்கள் வண்டியை எடுத்தீர்கள். தொட்டியைக் கழற்றினீர்கள். நீலத்தைச் சுரண்டி, அதற்குக் கீழே மரக்கடைக்காரர் அடித்த சிவப்பைச் சுரண்டி, அடியில் இருந்த பச்சையைக் கண்டுபிடித்தீர்கள். அசல் ராணுவப் பச்சையை வெளியாட்கள் அடிக்கக் கூடாது என்று யாரோ சொன்னதால் கொஞ்சம் வெளுத்த பச்சை அடித்தீர்கள். மேலே தார்ப்பாய், முன்னால் அம்புக்குறி போட்ட நம்பர். பிடிக்காத ஹேண்ட் பிரேக் லிவரைக்கூடப் பாலிஷ் போட்டுப் பளபளவென்று ஆக்கினீர்கள். இஞ்சினையும் கியர் பெட்டியையும் கழற்றிவிட்டீர்கள். ஆகமொத்தம், சக்கரத்தின் மேல் நிற்கிற ஒரு கூடு. கிரேனில் தூக்கிவந்து ஓட்டல் வாசலில், கரையிலிருந்து எங்கள் தெருவுக்கு இறங்குகிற சரிவின் தலையில், மூஞ்சியைக் கீழ்ப்பக்கமாக வைத்து இறக்கினீர்கள்.

நான் இஸ்திரிப்பெட்டியை வைத்துவிட்டு மேலே பார்த்தேன். அந்த இரண்டு விளக்கும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. அன்றைக்கே மேலே ஏறிவந்தேன். நீங்களும் உங்கள் கூட்டாளியும் நின்றிருந்தீர்கள். மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன்.

"தம்பி, இதத் திருப்பி நிறுத்துங்க. மூஞ்சி எங்க தெருவப் பாத்து நிக்குது."

"மூஞ்சி தெரியணும்னுதானக்கா நிறுத்திருக்கோம். கீழ இருந்து வாரவங்க பாக்க வேணாமா?"

"அவுங்க பாக்குறது இருக்கட்டும். அது கீழ வந்துச்சுன்னா?"

"எப்படிக்கா வரும்? அதுலதான் இஞ்சினே இல்லையே!"

"இஞ்சின் இல்லாததுதான் தம்பி வரும்."

உங்கள் கூட்டாளி சிரித்தார். "அக்கா ரொம்பப் பயப்படுது. லாரிக்கு ஒரு கால்கட்டுப் போட்டு விட்டுருவோம்ணே, எங்கயும் ஓடாது" என்றார். நீங்களும் சிரித்தீர்கள். ஆனால் மறுநாள் இரண்டு கருங்கல்லை வரவழைத்து முன்சக்கரம் இரண்டுக்கும் முட்டுக்கொடுத்தீர்கள். நான் இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்த வண்டியை நிறுத்தி வைத்திருப்பது கல் மட்டும்தான் என்று உங்களுக்குத் தெரியும். தெரியாது என்று நீங்கள் சொல்ல முடியாது.

அதன் பிறகு என் பிழைப்பு எப்படி இருந்தது தெரியுமா? முன்பெல்லாம் தெருவைப் பார்த்து நின்று துணி தேய்ப்பேன். அப்படி நின்றால் லாரி என் முதுகுக்குப் பின்னால் இருக்கும். முதுகு எரிந்தது. யாரோ பின்னால் நின்று மூச்சுவிடுவதுபோல. இஸ்திரி வண்டியைத் திருப்பிப் போட்டேன். இப்போது தேய்த்துக்கொண்டே மேலே பார்க்கலாம். பார்த்துப் பார்த்து ஒருவருடைய வெள்ளைச் சட்டையைக் கருக்கினேன். மழை பெய்தால் கல்லுக்குக் கீழே மண் அரிக்குமே என்று சோறு இறங்காது. விடிந்ததும் மேலே ஏறிப்போய் இரண்டு கல்லையும் காலால் உதைத்துப் பார்ப்பேன். உங்கள் வாட்ச்மேன், "என்னக்கா, இன்னைக்கும் செக்கிங்கா?" என்பார். "ஆமா, நீ மேல தூங்குற, நான் கீழதான தூங்கணும்" என்பேன்.

இதில் இன்னொன்றும் செய்தீர்கள். வண்டியோடு சேர்த்து அதன் டிரைவரையும் எடுத்துக்கொண்டீர்கள். என் வீட்டுக்காரருக்குக் காக்கிப் பச்சையில் ஒரு உடுப்பும் தொப்பியும் கொடுத்து, ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்காரவைத்து, சாப்பிட வருகிற குழந்தைகளுக்குச் சல்யூட் அடிக்கச் சொன்னீர்கள். ராணுவத்தின் வாசலைக்கூட மிதிக்காத மனிதர். குழந்தைகள் அவரை மிலிட்டரி தாத்தா என்றார்கள். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம் வந்து பல காலம் ஆகியிருந்தது. அந்த உடுப்பை மடிப்புக் கலையாமல் தேய்த்துக் கொடுத்தது நான்தான்.

"ஏய்யா, ஒனக்குத் தெரியாதா அந்த லிவரு பிடிக்காதுன்னு? அது மேல போயி உக்காருறியே" என்று கேட்டேன்.

"கல்லு இருக்குல்ல."

"கல்லு நகண்டுச்சுன்னா?"

"அதெப்படி நகரும்? இம்புட்டுப் பயத்த வச்சுக்கிட்டு நீ எப்படித்தான் எங்கூட ஓடைக்குள்ள வந்தியோ!"

"அன்னைக்கு இஞ்சின் இருந்துச்சு. எங்கையில கட்டை இருந்துச்சு."

அவர் தொப்பியைத் தூசி தட்டிக்கொண்டு போனார்.

ஆயுத பூஜை வந்தது. உங்கள் ஓட்டலில் வாழைக்கன்று கட்டி, சீரியல் லைட் போட்டு, ஒலிபெருக்கி வைத்திருந்தீர்கள். சாயங்காலம். நான் கரியை ஊதிக்கொண்டே மேலே பார்த்துக்கொண்டிருந்தேன். உங்கள் ஜீப்புகளுக்கும் புல்லட்டுகளுக்கும் சந்தனம், குங்குமம், மாலை. டயருக்கு முன்னால் எலுமிச்சம்பழம். ஒவ்வொன்றாக ஸ்டார்ட் செய்து, பழத்தின் மேல் ஏற்றி நசுக்கி, முன்னால் எடுத்து நிறுத்தினார்கள். நாங்களும் அந்த லாரிக்கு வருஷா வருஷம் செய்ததுதான். பழம் நசுங்கினால்தான் வண்டிக்குக் கண்ணேறு கழியும். அதில் எனக்கும் நம்பிக்கை உண்டு.

கடைசியில் லாரிக்கு வந்தார்கள். என் வீட்டுக்காரர் உடுப்போடு உள்ளே உட்கார்ந்திருந்தார். பின்னால் தார்ப்பாய்க்குள், பிறந்தநாள் கொண்டாட வந்த குழந்தைகள் தொப்பி போட்டுக்கொண்டு போட்டோவுக்கு நின்றிருந்தார்கள். பழத்தைக் கல்லுக்கு முன்னால் வைத்துக் கற்பூரம் காட்டினார்கள். அதோடு விட்டிருக்கலாம். ஒலிபெருக்கி திறந்தே இருந்ததால் நீங்கள் பேசியது கீழே வரைக்கும் கேட்டது. முதலில் உங்கள் கூட்டாளி:

"என்னாண்ணே, எல்லா வண்டியும் பழத்த நசுக்கிருச்சு. பெரிய வண்டிக்கு மட்டும் பழம் முழுசா கெடக்கு. அது நல்லாவா இருக்கு?"

"இஞ்சின் இல்லையேடா மாப்ள."

"சரிவுலதானண்ணே நிக்குது. கல்ல லேசா எடுத்தா ஒரு இஞ்ச் நகராது? பழம் நசுங்குனதும் திருப்பி வச்சிருவோம்."

அப்போது நீங்கள் சொன்னது: "சரி, எடுங்கப்பா. நாலு பேரு முன்னால கைய வச்சுப் பிடிச்சுக்கங்க."

பரோட்டா மாஸ்டரும் சப்ளையர்களும் வந்து பம்பரில் கை வைத்தார்கள். திமிறுகிற மாட்டைப் பிடிப்பதுபோல. ஒரு ஆள் ஒரு பக்கத்துக் கல்லைக் கடப்பாரையால் நெம்பி ஓரமாக உருட்டினான். அது இருந்த இடத்தில் பழத்தைத் தள்ளிவைத்தான். அடுத்த பக்கத்துக்குப் போனான்.

நான் கத்தினேன். "கல்ல எடுக்காதீங்க" என்று கத்தவில்லை. என் வாயில் வந்தது "கட்டை!" என்பதுதான். எத்தனையோ வருஷம் அவர் கத்தி நான் ஓடியது. அன்றைக்கு நான் கத்தினேன், ஓட ஆளில்லை. அவர் மட்டும் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். அவ்வளவு தூரத்திலிருந்தும் அவர் முகம் மாறியது தெரிந்தது.

இரண்டாவது கல்லும் போனது. பழம் நசுங்கியது. நீங்கள் கைதட்டினீர்கள். வண்டி நிற்கவில்லை.

பம்பரைப் பிடித்தவர்கள் விலகிக் குதித்தார்கள். அவர்களை நான் குற்றம் சொல்ல மாட்டேன். அந்த எடையை யார் பிடிப்பது? முன்னால் கட்டியிருந்த வாழைக்கன்றும் மாலையும் ஆட, அந்த வண்டி சத்தமே இல்லாமல் இறங்கியது. அதுதான் கொடுமை. அந்த வண்டி எனக்குச் சத்தத்தோடுதான் பழக்கம். என் இஸ்திரி வண்டியின் சக்கரத்தடியில் ஒரு கல் வைத்திருப்பேன். அது எப்படி என் கைக்கு வந்தது என்று தெரியாது. கையில் கல்லோடு தெரு நடுவில் நிற்கிறேன். போய் வைக்க வேண்டும். கால் வரவில்லை. வலது பக்கம் பள்ளிக்கூடச் சட்டைகளைக் கொடுத்துவிட்டு நின்ற இரண்டு பெண்கள். இடது பக்கம், புதிதாக வீடு கட்டுகிறவர்கள் பாதித் தெருவை அடைத்துக் கொட்டிவைத்த மணல். அந்த மணலுக்காக முந்தின நாள்தான் அந்த வீடு கட்டுகிறவரோடு தொண்டை கிழியச் சண்டை போட்டிருந்தேன்.

என் வீட்டுக்காரர் அந்த ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்பினார். வண்டி எனக்குப் பக்கத்தில் போனது. அதன் காற்று என் சேலையை இழுத்தது. மணல் குவியலுக்குள் மூஞ்சியைக் குத்தி, பின்பக்கம் ஒருமுறை எழும்பி, நின்றது.

என்னைப் பார்த்துத் திருப்பினாரா, மணலைப் பார்த்துத் திருப்பினாரா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருக்கிறது.

பின்னால் ஓடினேன். தார்ப்பாய்க்குள் எதையும் பார்க்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டே தூக்கினேன். குழந்தைகள் ஒருவர் மேல் ஒருவராகக் கிடந்தார்கள். ஒரு பையனுக்கு உதடு கிழிந்து ரத்தம். ஒரு பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டு அழுதது. ஒரு சின்னப் பெண், தொப்பி காதுவரை இறங்கியிருக்க, என்னைப் பார்த்துச் சிரித்து, "ஆன்ட்டி, இன்னொரு தடவ!" என்றாள். கல் இன்னும் என் கையில்தான் இருந்தது.

அவருக்கு முழங்கால் சில்லு உடைந்தது. நெஞ்சில் ஸ்டியரிங் இடித்த இடம் கறுத்துப்போயிருந்தது. ஆஸ்பத்திரிச் செலவை நீங்கள் பார்த்துக்கொண்டீர்கள். அதை மறைக்க மாட்டேன். ஆனால் அதற்கு முன்பே ஒரு வீடியோ போட்டீர்கள். மாலை போட்ட ஜீப்புக்குப் பக்கத்தில் நின்று, கையைக் கூப்பி, "ஆண்டவன் புண்ணியத்துல பிள்ளைங்களுக்கு ஒண்ணும் ஆகல. டிரைவர் பெரியவரு, வயசானவரு. தெரியாம ஹேண்ட் பிரேக்க எடுத்து விட்டுட்டாரு. நாங்க அவர மன்னிச்சுட்டோம்" என்றீர்கள்.

தெரு முழுக்க அது சுற்றியது. துணி கொடுக்க வருகிறவர்கள் எல்லாரும் கேட்டார்கள். "யக்கா, அண்ணே ஏன்க்கா பிரேக்க எடுத்தாரு? பிள்ளைக இருக்குன்னு தெரியாதா?" நான் அந்த லிவரைப் பற்றிச் சொன்னேன். கேட்டுக்கொண்டு, சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார்கள். வீடியோவில் வந்ததுதான் அவர்களுக்கு உண்மை.

அவர் கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு அதைப் பார்த்தார். திரும்பத் திரும்பப் பார்த்தார். பிறகு, "விடு பிள்ள. மன்னிச்சுட்டேன்னு சொல்லிட்டாருல்ல" என்றார்.

"என்னா செஞ்சதுக்கு மன்னிச்சாரு?"

அவர் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

வீட்டுக்காரர் மேல் எனக்குக் கோபம் உண்டு. கல்லை எடுக்கும்போது ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேன். "பழம் நசுங்கட்டுமேன்னு நெனச்சேன். நம்ம வண்டிதான" என்றார். அது என் வீட்டுச் சண்டை. வீட்டுக்குள் நான் பார்த்துக்கொள்வேன். உங்கள் சண்டை தெருவில் இருக்கிறது.

போன வாரம் கிரேன் வந்தது. பம்பரை நிமிர்த்தி, விளக்கு மாற்றி, அதே லாரியை, அதே சரிவின் தலையில், அதே மாதிரி மூஞ்சியைக் கீழே வைத்து இறக்கினார்கள். அதே இரண்டு கல். இப்போது வெள்ளையடித்திருக்கிறீர்கள். அவருக்குக் கால் தேறியதும் வந்து உட்காரச் சொல்லி ஆள் அனுப்பினீர்கள். உடுப்பும் வந்திருக்கிறது, புதுசு. அவர் போகத்தான் நினைக்கிறார். என்னிடம் கேட்காமல் உடுப்பைத் துணிமூட்டையில் வைத்திருக்கிறார், நான் தேய்த்துக் கொடுப்பேன் என்று. நான் இன்னும் தொடவில்லை.

மறுபடியும் நான் காலையில் ஏறிப்போய்க் கல்லை உதைக்கிறேன். மறுபடியும் சோறு இறங்கவில்லை. அடுத்த ஆயுத பூஜை வரும். எலுமிச்சம்பழம் வரும். அன்றைக்கு இந்த மணல் இருக்காது. வீடு கட்டி முடித்துவிடுவார்கள். நான் சண்டை போட்டு அள்ளச் சொன்ன மணல்.

அதனால் கேட்கிறேன். வீடியோவில் வேண்டாம். ஆள் அனுப்பவும் வேண்டாம். நீங்களே கீழே இறங்கி வாருங்கள். என் இஸ்திரி வண்டி நிற்கிற இடத்தில், அந்த லாரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நில்லுங்கள். தெருக்காரர்களையும், அன்றைக்கு வந்த குழந்தைகளின் அப்பா அம்மாவையும் நான் கூப்பிட்டு வைக்கிறேன். அவர்களைப் பார்த்துச் சொல்லுங்கள். கல்லை எடுக்கச் சொன்னது யார்? பிடிக்காத பிரேக்கை ஒரு மனிதன் எப்படி எடுத்துவிட முடியும்? அந்த வண்டியை எப்போது சமதரையில் நிறுத்துவீர்கள்?

உங்கள் முதுகு எரிவதற்குள் பதில் சொல்லுங்கள்.